அடியில் வைத்த ஃபைல்

கல்லூரியிலிருந்து ஓர் அம்மா ஆராய்ச்சிக்காகச் சிறைக்கு வந்திருந்தார். கையில் ஒரு கட்டுத் தாள், ஒவ்வொரு தாளிலும் இருபத்துநான்கு வாக்கியங்கள். "என் வாழ்க்கையில் நடப்பது பெரும்பாலும் என் கையில்தான் இருக்கிறது." "எவ்வளவு முயன்றாலும் நடப்பதுதான் நடக்கும்." "எனக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்." இப்படியே போகும். ஆமாம் என்றால் ஒரு கட்டத்தில் டிக், இல்லை என்றால் இன்னொரு கட்டத்தில் டிக். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டி, சொன்ன இடத்தில் டிக் போட வேண்டும்.

உள்ளே எனக்கு ரைட்டர் வேலை. நானும் கைதிதான். வெளியே பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவன். செத்துப்போன ஒருவருடைய கையெழுத்தை அவரைவிட அழகாகப் போட்டுவிட்டேன் என்பதற்காக ஏழு வருஷம் கொடுத்தார்கள். உள்ளே வந்தும் மேசை, பேனா, ஃபைல் என்று அதே பிழைப்புதான்.

டிக் போடுகிற வேலை நல்ல வேடிக்கையாக இருந்தது. பஸ்ஸில் பர்ஸ் அடிக்கிற ஒருவன், "எல்லாம் அந்த டிரைவர் பண்ண வேலை ரைட்டரே. அன்னைக்கு அவன் சடன் பிரேக் போடலைன்னா என் கை சுத்தமா வெளியே வந்திருக்கும். டிரைவர்னு எழுதுங்க" என்றான். டிரைவருக்குக் கட்டம் இல்லையப்பா என்றேன். "அப்ப மேலே இருக்கிறவங்கன்னு போடுங்க. அவன் சீட்டு கொஞ்சம் மேலதான் இருந்துச்சு" என்றான். இன்னொருவன் வக்கீலைச் சொன்னான். இன்னொருவன் மச்சானைச் சொன்னான். பாதிப் பேர் நேரம் சரியில்லை என்றார்கள். என்னைக் கேட்டால், எனக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கு அன்றைக்குப் பல்வலி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே ஏழு வருஷம் என்றார். வலியில்லாத பல்லாக இருந்திருந்தால் நாலோடு போயிருக்கும் என்பது இன்றைக்கும் என் கட்சி.

பிளம்பர் ஒருவன் மட்டும்தான் இருபத்துநான்குக்கும் 'என் கையில்' என்று வருகிற மாதிரியே டிக் போட்டிருந்தான். அந்த அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஜெயில்ல இருந்துக்கிட்டா இப்படிச் சொல்றீங்க?"

"என்னை யாரும் கூட்டிட்டு வரலைங்கம்மா. நானா வந்தது" என்றான்.

அவன் கதையைச் சொல்கிறேன். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அவனைவிட ஒன்பது வயது மூத்த அக்காதான் வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது அவனும் கூடவே அந்த வீட்டுக்குப் போனான். தொழில் கற்றுக்கொண்டு, கையில் வேலை வந்த பிறகு தனியாக அறை எடுத்துக்கொண்டான். மாமா குடிகாரர் இல்லை, சூதாடி இல்லை. கைதான் சட்டென்று ஓங்கிவிடும், அவ்வளவுதான். கோபம் வந்தால் அக்காவை அடிப்பார், கோபம் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார். இவன் பலமுறை பேசிப் பார்த்தான். ஒருநாள் முற்பகலில் அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சரிசெய்யப் போனான். மாடியிலிருந்து இறங்கும்போது அக்கா சமையலறைத் தரையில் கிடந்தாள். இவன் கையில் குழாய் முறுக்குகிற பெரிய ரெஞ்ச் இருந்தது.

வக்கீல் படித்துப் படித்துச் சொன்னாராம், மாமா கத்தியோடு பாய்ந்தார் என்று சொல்லு, உயிருக்குப் பயந்து அடித்தேன் என்று சொல்லு என்று. இவன் கூண்டில் ஏறி நின்று, "ரெண்டு அடி அடிச்சேன். மொத அடி அக்காவுக்காக. அதுலயே அவர் விழுந்துட்டாரு. ரெண்டாவது அடி தேவையே இல்லை, எனக்காக அடிச்சேன்" என்று சொல்லிவிட்டான். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயுள் தண்டனை. அக்கா அதற்குப் பிறகு அவன் முகத்தில் விழிக்கவில்லை. அடிக்கிற புருஷனாக இருந்தாலும் அவளுக்குப் புருஷன்.

சிறையில் அவனுக்குக் குழாய் வேலையே கொடுத்தார்கள். காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரெஞ்சைக் கொடுப்பார்கள், சாயங்காலம் சரிபார்த்து வாங்கி வைப்பார்கள். எந்தப் பொருளால் உள்ளே வந்தானோ அதே பொருளைத் தினம் கையில் கொடுத்து அனுப்புகிறோம் என்று யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு உறைத்திருந்தது. ரெஞ்சை வாங்கும்போதெல்லாம் ஒரு கணம் அதைப் பார்ப்பான். பிறகு வேலைக்குப் போவான். சிறையின் எட்டுக் கட்டடத் தொகுதிகளிலும் ஒரு குழாய் சொட்டாது. ஒழுங்காக இருந்தால் ஒழுங்காக வெளியே போகலாம் என்று நம்பினான். தன் நன்னடத்தை அட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி விழாமல் பத்து வருஷம் காப்பாற்றினான். பெண்பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறவன் மாதிரிதான் அந்த அட்டையை வைத்திருந்தான்.

அப்படியிருக்க, பத்தாவது வருஷத்தில் ஒரு பார்வையாளர் நாளன்று அக்கா வந்தாள். பதிவேடு எழுத நான்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன், அதனால் எல்லாம் காதில் விழுந்தது. ஆள் பாதியாகிப் போயிருந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"கிட்னி ரெண்டும் போச்சு" என்றாள். "வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில மெஷின்ல படுக்கறேன். எத்தனை நாளைக்குன்னு அவங்களும் சொல்லலை, நானும் கேக்கலை."

அவன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெளிய வந்தா வீட்டுக்கு வா. முன்ரூம்ல படுத்துக்கோ. அவர் படம் அங்கதான் மாட்டியிருக்கு. அதைக் கழட்ட மாட்டேன்."

"வேணாம்க்கா. இருக்கட்டும்."

"அதைப் பாத்துக்கிட்டே தூங்க முடியுமா உனக்கு?"

"தூங்கலைன்னாலும் பரவால்லைக்கா. அடுத்த வருஷம் விடுதலைக் கமிட்டி உக்காருது. என் அட்டையில ஒரு புள்ளி கிடையாது. கண்டிப்பா வந்துடுவேன். அதுவரைக்கும் நீ இரு."

"இருக்கப் பாக்கறேன்" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அக்கா உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். அதற்கு விடுதலைக் கமிட்டி அவன் பெயரை எடுக்க வேண்டும். கமிட்டி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் உட்காரும். அதற்குமுன் எங்கள் சூப்பரிண்டெண்ட் ஒவ்வொரு ஃபைலிலும் தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

இங்கேதான் என் பங்கு வருகிறது. சூப்பரிண்டெண்டுக்கு வயிற்றுப்புண். சாப்பாட்டுக்கு முன்னால் எரிந்து விழுவார், ஃபைலில் கேள்விக்குறியாகப் போட்டுத் தள்ளுவார். சாப்பிட்டுவிட்டு வந்தால் தங்கமான மனிதர், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். கைதிகள் அத்தனை பேருக்கும் இது தெரியும். வாய்தாவுக்குப் போகிற நாளில் போர்வையை மடிக்கக் கூடாது, தட்டைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்று ஆயிரம் நம்பிக்கைகள் உள்ளே உண்டு. நான் அவற்றையெல்லாம் கிண்டல் செய்வேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் நானே மூன்று வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனவே வேண்டியவர்களுடைய ஃபைலை அடியில் வைப்பேன். மத்தியானத்துக்குப் பிறகுதான் அது அவர் கைக்குப் போகும். ஃபைல் அடுக்குகிற அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நான் பெரிய ஆள். எதுவும் நம் கையில் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், இந்த ஒரு கட்டு மட்டும் என் கையில் என்று ரகசியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தடவை நாற்பத்திரண்டு ஃபைல்கள். ஆறு பேர் வந்து, ரைட்டரே அடியில் வையுங்கள் என்று கெஞ்சினார்கள். பிளம்பர் கேட்கவில்லை. அட்டை சுத்தமாக இருக்கிறவனுக்கு மேலென்ன, அடியென்ன என்று இருந்துவிட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவின் முகம் கண்ணிலேயே நின்றது. அந்த ஆறு பேருக்கும் அடியில், எல்லாவற்றுக்கும் கடைசியாக, அவன் ஃபைலை வைத்தேன்.

சூப்பரிண்டெண்ட் சாப்பிடப் போகும்வரை இருபது முடித்திருந்தார். சாப்பிட்டு எழுந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று ஜீப்பில் ஏறிப் போனார். திரும்பி வரும்போது மணி நாலரை. ஐந்து மணிக்கு ஃபைல்களை எடுத்துப் போக ஆள் வாசலில் நின்றான். அவர் உட்காராமலேயே கையெழுத்துப் போட்டார். முப்பத்தைந்தாவது ஃபைலோடு பேனாவை மூடினார்.

"மிச்சம் எத்தனை?"

"ஏழுங்கய்யா. அரை மணி நேரம் பொறுத்தா..."

"அவன் நிக்க மாட்டான்யா. அடுத்த கமிட்டிக்கு வெச்சுக்கோ. எங்க ஓடிடப் போறாங்க" என்று சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு தங்கமான மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அது உண்மைதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பட்டியல் வந்தது. போன ஃபைல்களில் முப்பத்தொரு பேருக்கு விடுதலை. முந்தின வாரம் அடுத்த தொகுதிக்காரனின் பல்லை உடைத்தவன் பெயர்கூட அதில் இருந்தது. பிளம்பர் அறிவிப்புப் பலகையின் முன் நின்று மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தான். பெயர் இல்லாதவர்களுக்கு ஏன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான்.

நான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் அவனைத் தேடிப் போனேன். அதற்குள் அவனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் குளிக்கிற தொட்டிக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்ன தலைமை வார்டரிடம், "நிறுத்தச் சொல்ற நீங்க குளிச்சிட்டு வந்துட்டீங்க போல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். அது அட்டையில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான்.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சுண்ணே" என்றான். "என் தப்புதான். நம்ம தப்புன்னா நாமளே திருத்திக்கலாம் இல்லையா? தெரியாத தப்புக்குத்தான் பயப்படணும்."

முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டேன். அவனுக்காக இரக்கப்பட்டுத்தான் சொல்லாமல் விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயத்தில்தான் விட்டேன்.

அவன் போய்த் தலைமை வார்டரிடம் மன்னிப்புக் கேட்டான். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. "எப்பய்யா? என்ன சொன்னே? சரி சரி, மன்னிச்சேன் போ" என்றார். அவர் வேண்டுமென்றே மறந்த மாதிரி நடிக்கிறார், மனசு ஆறவில்லை என்று இவன் எடுத்துக்கொண்டான். அவருடைய குடியிருப்பில் இருந்த குழாய்களையெல்லாம் கேட்காமலே மாற்றிக் கொடுத்தான். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதை நிறுத்தினான். சாப்பாட்டில் கல் கிடந்தாலும் மென்று விழுங்கினான். ஒவ்வொன்றாகத் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டே போனான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலைத் தபாலில் கடிதம் வந்தது. கடிதங்களைப் பிரித்து அடுக்குவதும் என் வேலை, அதனால் அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அக்கா தவறிவிட்டார்கள், ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது, காரியமெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டோம். தேதியைப் பார்த்தேன். அக்கா போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

சமையல் கூடத்துக்குப் பின்னால் தொட்டிக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் கை ஈரமாக இருந்ததால் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, கையில் இருந்த வாஷரைப் போட்டு, மரையை முறுக்கி, தண்ணீரைத் திறந்து பார்த்தான். சொட்டவில்லை. அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தான்.

"எட்டு மாசம்ணே" என்றான். "அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா எட்டு மாசம் அக்காகூட இருந்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். மாமாவைக் கையால கொன்னேன். அக்காவை வாயால கொன்னுட்டேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஆறு பேருக்கும் அடியில் அவன் ஃபைலை வைத்தது, ஜீப் வந்தது, நாலரை மணி, ஏழு ஃபைல் மிச்சம், எல்லாம். நல்லது நினைத்துத்தான் செய்தேன் தம்பி என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடிப்பான் என்று நினைத்தேன். ரெஞ்ச் பக்கத்திலேயே கிடந்தது. அடித்திருந்தால்கூட எனக்கு நல்லதாகப் போயிருக்கும். அவன் நிதானமாகக் கேட்டான்.

"அப்ப அந்த வார்டர்கிட்ட நான் பேசினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையா?"

"இல்லை தம்பி."

"அட்டையில எழுதலையா?"

"ஒண்ணும் எழுதலை. சுத்தமாதான் இருக்கு."

"சுத்தமா இருக்கிறதை அவர் பாத்தாரா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"ஃபைலைத் திறந்தாரா, இல்லையா?"

"திறக்கலை."

கழற்றிய பழைய வாஷரைத் தரையிலிருந்து எடுத்தான். பிறகு, எனக்குக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லாத குரலில், "அப்ப என் வாழ்க்கையில நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதானாண்ணே?" என்றான். "அந்த ரெண்டாவது அடி மட்டும்தானா?"

மடித்த கடிதத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தேன். 

அதற்குப் பிறகு அவன் குழாயைத் தொட மாட்டேன் என்றெல்லாம் முரண்டு பிடிக்கவில்லை. செய் என்றால் செய்தான். சொல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்தான். மூன்றாவது தொகுதியில் ஒரு குழாய் இரண்டு மாதம் சொட்டிக்கொண்டே இருந்தது, அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டான். சட்டை பெரிதாக இருந்தால் பெரிதாகவே போட்டுக்கொண்டான். சாப்பிட்டாயா என்றால், "போட்டாங்க" என்பான். பாவத்தைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நடந்தவன், நான் அதை இறக்கி வைத்ததும் கூனிப் போனான். பாரத்தை இறக்கியதாக நினைத்தேன். அவன் பிடித்துக்கொண்டு நின்ற கம்பைப் பிடுங்கியிருக்கிறேன்.

அடுத்த கமிட்டி வந்தது. இந்தத் தடவை அவன் ஃபைலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். பட்டியலில் பெயர் வந்தது. அவனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரிண்ணே" என்றான்.

விடுதலை நாளன்று காலையில் என் மேசைக்கு எதிரில் நின்றான். படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டு வந்தேன். வயது, உயரம், அடையாள மச்சம் எல்லாம் எழுதியாயிற்று. விடுதலைக்குப் பின் தங்குமிடம் என்ற வரி வந்தது.

"எங்க போறே தம்பி? இடம் எழுதணும்."

"நீங்களே ஒண்ணு போட்டுடுங்கண்ணே."

"அக்கா வீட்டு விலாசம் போடட்டுமா?"

"அந்த வீடு இப்ப மாமாவோட தம்பிகிட்ட இருக்கு. அங்க எப்படிப் போவேன்?"

"அப்ப வேற எங்க?"

"எங்க வேணாலும் போடுங்க. நீங்க எதைப் போடறீங்களோ அதானே நடக்குது."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அப்படி இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அவன் மன்னித்திருப்பான், ஏதோ ஒன்று முடிந்திருக்கும். அவன் உள்ளதைத்தான் சொன்னான். யார் கையெழுத்தை வேண்டுமானாலும் போடத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வரியில் ஒரு எழுத்துப் போட வரவில்லை. காலியாக விட்டு மேலே அனுப்பினேன். அதிகாரி பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அலுவலக ஜன்னலிலிருந்து வெளிவாசல் தெரியும். பெரிய கதவில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே போனவன் இரண்டு பக்கமும் சாலையைப் பார்த்தான், கையில் ஒரு துணிப்பை. பிறகு திரும்பி வந்து வாசல் காவலரிடம் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று அந்தக் காவலரிடம் பின்னால் விசாரித்தேன்.

"எந்தப் பக்கம் போகட்டும்னு கேட்டான்யா. எங்க போகணும்னு கேட்டா சொல்லலை" என்றார். "சும்மா இந்தப் பக்கம் கையைக் காட்டினேன். போய்ட்டான்."